இறகு சொல்லும் ஊர்

ஆண்டுதோறும் புரட்டாசி கழிந்து வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் வேளையில், நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையின் சேற்று நிலங்களில் ஆயிரமாயிரம் பறவைகள் வந்திறங்குகின்றன. சிட்டுக்குருவியின் அளவே உள்ள கொசு உள்ளான் வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டி நம் கடற்கரைக்கு வந்து சேறு கிளறுகிறது. பங்குனி, சித்திரையில் மீண்டும் வடக்கே புறப்பட்டுவிடுகிறது. இதனையே வலசை போதல் என்கிறோம். குமரிக்குப் போய் நீராடி வடதிசைக்கு மீளும் நாரையைத் தன் மனைவிக்குத் தூதாக அனுப்பிய சத்திமுற்றப் புலவருக்கு இந்தப் போக்குவரத்து நன்கு தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதது ஒன்றுதான்: அந்தக் குறிப்பிட்ட நாரையின் சொந்த ஊர் எது?

இக்கேள்வியை வேடிக்கைக் கேள்வி என்று எண்ணிவிடலாகாது. வலசைப் பறவைகளைக் காப்பாற்ற முற்படுவோர் யாவரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுவே.

டென்மார்க் நாட்டுப் பள்ளி ஆசிரியர் மார்ட்டென்சன் 1899-ஆம் ஆண்டு மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டி விட்டார். அந்த வளையத்துடன் பறவை வேறெங்கேனும் அகப்பட்டால், அது சென்ற வழி ஒருவாறு தெரியுமன்றோ? நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் டாக்டர் சலீம் அலியின் தலைமையில் 1959 முதல் பெரிய அளவில் இப்பணியை மேற்கொண்டது. கோடியக்கரை அதன் முக்கியக் களங்களுள் ஒன்றாக விளங்கியது. அப்பணியால் நாம் அறிந்தவை பல. எனினும் வளையத்திற்கு ஒரு பெருங்குறை உண்டு. வளையமிட்ட பறவை மீண்டும் ஒருவர் கையில் சிக்க வேண்டும். சிக்கியவர் எண்ணைப் படித்து எழுதியனுப்ப வேண்டும். சிறு பாடும் பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இவ்வாறு மீள அகப்படுவதில்லை.

பறவையின் முதுகில் கருவியைக் கட்டி அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். வாத்து, நாரை, கழுகு போன்ற பெரும்பறவைகளுக்குச் செயற்கைக்கோளுடன் தொடர்பு கொள்ளும் கருவியைக் கட்டுகிறார்கள். அற்புதமான செய்திகள் கிடைக்கின்றன. ஆனால் பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குக்கு மேல் சுமை ஏற்றலாகாது என்பது பறவையியலார் வகுத்துக்கொண்ட வரம்பு. ஏழெட்டுக் கிராம் எடையுள்ள குருவிக்கு எத்தனை கிராம் ஏற்றுவது? பகலொளியை மட்டும் பதிவு செய்யும் நுண்கருவிகள் இலேசானவை என்றாலும், அதே பறவையை அடுத்த ஆண்டு மீண்டும் பிடித்துக் கருவியைக் கழற்றினாலன்றி அதில் பதிந்தது தெரியவராது. பழைய சுவரே மீண்டும் குறுக்கே நிற்கிறது.

இங்குதான் மரபணு ஆராய்ச்சி வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. பறவைக்கு நாம் எந்த அடையாளமும் கட்ட வேண்டியதில்லை. தன் ஊர் இன்னது என்பதை அது பிறக்கும்போதே உடம்பில் எழுதிக்கொண்டு பிறக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒருமுறை பிடித்தாலே போதும். ஓர் இறகு போதும்.

படிப்பது எவ்வாறு? நம் கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்க்கு இதை விளக்குவது, விலங்கியல் மாணவர்க்கு விளக்குவதைவிட எளிது என்பது என் எண்ணம். ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலை ஒருவர் பார்த்து எழுதுகிறார். அதைப் பார்த்து மற்றொருவர் எழுதுகிறார். எழுதும்போது ஓரெழுத்து மாறிவிடுகிறது. மாறிய சுவடியிலிருந்து படியெடுத்தவை எல்லாவற்றிலும் அம்மாற்றம் தொடர்கிறது. இதுவே பாடபேதம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே பாடபேதங்களைக் கொண்ட ஏடுகள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று உணர முடிந்தது.

பறவையின் உடலில் ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. என்னும் மரபுப் பொருள் உள்ளது. அது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல். பறவையின் நூலில் நூறு கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு. மனிதனுடையதில் முந்நூறு கோடி. ஓர் உயிரினத்தின் மரபு நூல் முழுவதையும் ஜீனோம் என்பர். பெற்றோரிடமிருந்து குஞ்சுக்கு இந்நூல் படியெடுக்கப்படும்போது எப்போதோ ஓரெழுத்து மாறிவிடுகிறது. அலாஸ்காவில் கூடு கட்டும் பறவைகள் தலைமுறை தலைமுறையாகத் தம்முள்ளேயே இணை சேர்கின்றன. கலிபோர்னியாவில் கூடு கட்டுபவையும் அவ்வாறே. ஆகவே அலாஸ்காப் பாடம் ஒன்று, கலிபோர்னியாப் பாடம் ஒன்று எனக் காலப்போக்கில் உருவாகிவிடுகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தெரியலாம், ஏடு வேறு.

இறகின் அடிக்குழலில் ஒட்டியுள்ள சில உயிரணுக்களிலிருந்தே இந்த ஏட்டைப் படித்துவிடலாம். வால் இறகு ஒன்றைப் பிடுங்கினால் சில வாரங்களில் மீண்டும் முளைத்துவிடும். இரத்தம் ஒரு துளி கிடைத்தால் இன்னும் நல்லது. நம் சிவப்பணுக்களில் உட்கரு இல்லை. பறவையின் சிவப்பணுக்களில் உண்டு. எனவே ஒரு துளி இரத்தமே டி.என்.ஏ. களஞ்சியமாகிறது.

இம்முறையைப் பறவைக் காப்புக்குப் பெரிய அளவில் பயன்படுத்தியவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஸ்மித் என்பவரும், இப்போது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் கிறிஸ்டன் ருக் என்னும் அம்மையாரும் இதில் முன்னின்றவர்கள். அவர்களுக்கு வாய்த்த நல்லூழ் ஒன்று உண்டு. வட அமெரிக்காவில் 1989-இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ்ப் பல நூறு இடங்களில் தன்னார்வலர்கள் வலை கட்டிப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு வருகின்றனர். அவர்களில் பலர், பிடித்த பறவையின் இறகையும் காகித உறையில் இட்டு அனுப்பினர். இவ்வாறு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இறகுகள் சேர்ந்தன. கருவிகள் மலிவாகி வருமுன்பே இறகுகள் காத்திருந்தன என்க.

முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று வில்சன் வார்ப்ளர். நம் கதிர்க்குருவியைப் போன்ற சுறுசுறுப்பு, மஞ்சள் உடம்பு, ஆணின் உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி, எடை ஏழெட்டுக் கிராம். கோடையில் அலாஸ்கா, கனடா, அமெரிக்காவின் மேற்கு மலைகள் ஆகிய இடங்களில் கூடு கட்டும். குளிர்காலத்தில் மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் தங்கும். இதன் மரபு நூலில் ஏறத்தாழ 4,50,000 பாடபேதங்களை ஆய்ந்து, அவற்றுள் ஊரை நன்கு காட்டிக்கொடுக்கும் 96-ஐ மட்டும் பொறுக்கி எடுத்தனர். எல்லா எழுத்தையும் படிக்கப் பெருஞ்செலவாகும்; 96 எழுத்தை மட்டும் படிப்பது மலிவு. இந்தச் சிக்கனமே முறையின் உயிர். 1,626 பறவைகளின் மாதிரிகளை இவ்வாறு சோதித்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரே இனம் என்று எண்ணியிருந்த பறவை ஆறு தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து நின்றது. பசிபிக் கடலோரக் கலிபோர்னியாவில் ஒன்று, சியரா நெவாடா மலையில் ஒன்று, வடமேற்குக் கரையில் ஒன்று, தெற்கு ராக்கி மலைகளில் ஒன்று, அலாஸ்கா முதல் ஆல்பர்ட்டா வரை ஒன்று, கிழக்கே ஒன்று.

ஊர்ப்படம் தயாராகிவிட்ட பிறகு வழியில் பிடித்த பறவைகளின் இறகை அதனோடு ஒப்பிட்டனர். அரிசோனாவில் கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள சிபோலா என்னும் இடத்தில் வசந்தகாலத்தில் வில்சன் வார்ப்ளர்கள் வாரக்கணக்கில் வந்த வண்ணம் இருக்கும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே குருவி. இறகைப் படித்தபோதோ, பருவத்தின் தொடக்கத்தில் வந்தவை மேற்குக் கரையோரக் கூட்டத்தைச் சேர்ந்தவை, அலாஸ்காவை நோக்கிச் செல்பவை பெரும்பாலும் கடைசியிலேயே வருகின்றன என்று தெரிந்தது. ஒரே சத்திரத்தில் இம்மாதம் ஒரு ஊரார், அடுத்த மாதம் வேறு ஊரார் தங்குவதைப் போன்றது இது. அந்தப் புதரை எந்த மாதத்தில் அழிக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் எந்தக் காட்டில் குருவிப் பாட்டு குறையும் என்பது மாறும்.

இதன் அவசரத்தை உணர ஓர் எண்ணை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-க்குப் பிறகு ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள், அதாவது நூற்றுக்கு 29 பங்கு, குறைந்துவிட்டன என்று 2019-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆனால் ‘இனம் குறைகிறது’ என்னும் செய்தியால் மட்டும் என்ன செய்ய முடியும்? ஒரு கூட்டம் பெருகிக்கொண்டும் மற்றொன்று அழிந்துகொண்டும் இருக்கலாம். அழியும் கூட்டம் கூடு கட்டும் இடத்தில் அழிகிறதா, வழியில் அழிகிறதா, குளிர்காலத்தில் தங்கும் இடத்திலா? இவை தெரியாமல் பணத்தை எங்கே செலவிடுவது?

மஞ்சள் வார்ப்ளர் என்னும் மற்றொரு பறவையில் ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே சென்றது. 2018-இல் வெளிவந்த அவ்வாய்வில், பறவையின் ஊரை மட்டுமன்றி, அவ்வூரின் மழைக்கும் வெப்பத்திற்கும் ஏற்ப எந்தெந்த எழுத்துகள் மாறி அமைந்துள்ளன என்று பார்த்தனர். மழையோடு தொடர்பு வலுவாக இருந்தது. வருங்காலத்தில் தட்பவெப்பம் மாறும்போது எந்தக் கூட்டத்தின் மரபு நூல் மிகுதியாக மாறியாக வேண்டியிருக்கும் என்று கணித்தனர். அத்தகைய கூட்டங்களே ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைந்து வந்திருக்கின்றன என்று கண்டனர். இதனை எல்லா அறிஞரும் ஒப்பவில்லை. வெளியிட்ட இதழிலேயே மறுப்பும், மறுப்புக்கு விடையும் வந்தன. இரு நிகழ்ச்சிகள் ஒன்றாகத் தோன்றுவதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. இந்த எச்சரிக்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இனி, ஓர் ஏட்டின் பாடபேதம் ஒரு பறவையின் உயிர்ப் பிரச்சினையாக மாறிய வரலாற்றைக் காண்போம். வில்லோ ஈப்பிடிப்பான் என்பது பன்னிரண்டு கிராம் எடையுள்ள, சாம்பலும் பச்சையும் கலந்த நிறமுள்ள, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு பறவை. இதில் நான்கு உள்ளினங்களைப் பொதுவாக ஏற்கின்றனர். அவற்றுள் அரிசோனா, நியூ மெக்சிகோ, தென் கலிபோர்னியா ஆகிய வறண்ட பகுதிகளின் ஆற்றங்கரைப் புதர்களில் வாழும் தென்மேற்கு உள்ளினத்தை 1948-இல் ஆலன் பிலிப்ஸ் என்பவர் பிரித்து எழுதினார். அணை கட்டியும், தண்ணீரைத் திருப்பியும், மாடுகளை மேயவிட்டும் அந்த ஆற்றங்கரைகள் பாழாயின. 1995-இல் அமெரிக்க அரசு அந்த உள்ளினத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சட்டம் உள்ளினத்திற்கும் இனத்திற்குரிய காப்பை அளிக்கிறது. சட்டத்தின் பிடி அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பவர்கள் கைவைத்ததும் அங்கேதான்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. வில்லோ மரங்கள் அழிந்த இடங்களில், வெளிநாட்டிலிருந்து வந்த டாமரிஸ்க் என்னும் புதர் மண்டியது. அதை ஒழிக்க ஆசியாவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வீடிழந்த ஈப்பிடிப்பான் அதற்குள் அந்த டாமரிஸ்கிலேயே கூடு கட்டப் பழகியிருந்தது. பறவைக்கு ஆபத்து வரும் என்றஞ்சி 2010-இல் அரசின் வேளாண்மைத் துறை அத்திட்டத்தைக் கைவிட்டது. களையைப் பிடுங்குமுன் அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

2015-இல் கால்நடை வளர்ப்போர், கட்டடத் தொழிலார் ஆகியோரின் சங்கங்கள் சிலவற்றின் சார்பில் அரசுக்கு ஒரு மனு சென்றது. ‘தென்மேற்கு உள்ளினம் என்று ஒன்று கிடையாது, மற்ற ஈப்பிடிப்பான்களும் இதுவும் ஒன்றே, ஆகவே பட்டியலிலிருந்து நீக்குக’ என்பது அதன் சாரம். அதே ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையும் உள்ளினப் பிரிவு செல்லாது என்று வாதிட்டது. அடுத்த ஆண்டு வேறு அறிஞர்கள் அதை மறுத்தனர். ஒரு பறவை உயிரோடு இருக்கலாமா என்பது, அது தனிப் பறவையா என்னும் வகைப்பாட்டுக் கேள்வியாக மாறிவிட்டது. வகைப்பாட்டை உயிரற்ற பாடம் என்று வகுப்பில் கொட்டாவி விடும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆதாரங்களைச் சீர்தூக்கிப் பார்த்த அரசு, 2017 டிசம்பரில் நீக்கம் வேண்டுவதில்லை என்று முடிவு செய்தது. 2018-இல் ருக் அம்மையாரின் குழு இப்பறவையின் ஜீனோம் ஆய்வை வெளியிட்டது. கடும் வெப்பத்தோடு தொடர்புள்ள எழுத்து வேறுபாடுகள் அதில் வெளிப்பட்டன. தட்பவெப்ப மாற்றத்தால் மிகுதியாக இடருறக் கூடியது தென்மேற்குக் கூட்டமே என்றும் தெரிந்தது. பட்டியலிலிருந்து நீக்கச் சொன்ன அதே பறவை!

ஆயினும் இதனை எல்லா இடத்திற்கும் பொருந்தும் மந்திரக்கோல் என்று எண்ணிவிட வேண்டாம். கூட்டங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும் இனங்களில் பாடபேதம் அருகியே காணும். வடதுருவக் கரைப்பறவைகள் பலவற்றில் நிலைமை இதுதான். வில்சன் வார்ப்ளரிலேயே, அலாஸ்கா முதல் ஆல்பர்ட்டா வரையுள்ள பெரும்பரப்பு ஒரே கூட்டமாகத் தெரிகிறதே தவிர, அதற்குள் ஊர் பிரிக்க இயலவில்லை. மேலும், கூடு கட்டும் ஊர்களிலிருந்து மாதிரிகளைச் சேர்த்துப் படம் வரைந்த பின்னரே, வழியில் கிடைத்த இறகின் ஊரைச் சொல்ல முடியும். அமெரிக்கருக்கு அலாஸ்காவும் கலிபோர்னியாவும் ஒரே நாட்டில் அமைந்துவிட்டன. கோடியக்கரைக்கு வரும் பறவையின் ஊர்ப்படத்தை வரைய வேண்டுமானால் ரஷ்யா, மங்கோலியா, மத்திய ஆசிய நாடுகள் ஆகியவற்றின் இறகுகள் வேண்டும். உயிரினப் பொருளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்ல எத்தனை அனுமதிகள்! பறவை எல்லையைக் கேளாமல் வருகிறது. அதன் இறகுக்கோ கடவுச்சீட்டு வேண்டும். நம் நாட்டிலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றிப் பறவையைப் பிடிப்பது குற்றம். ஆர்வத்தால் மாணவர்கள் எவரும் இதில் இறங்கிவிடக் கூடாது.

உயிருள்ள பறவையைத் தொடாமலே செய்யக்கூடிய பகுதி ஒன்று இதில் உண்டு. வில்லோ ஈப்பிடிப்பானைப் பற்றி 2023-இல் வெளிவந்த ஆய்வு அதைக் காட்டியது. சான் டியேகோ பகுதியில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுடப்பட்டு, பஞ்சடைத்து, அருங்காட்சியகப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்த பறவைகளின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, இன்று அங்கு வாழும் பறவைகளுடையதோடு ஒப்பிட்டனர். நூறாண்டில் எண்ணிக்கை குன்றியபோதும், அக்கம்பக்கத்துக் கூட்டங்களோடு கலந்ததால் மரபு வேறுபாடு குறையாமல் கூடியிருந்தது. மாறிவரும் தட்பவெப்பத்திற்கு ஏற்ற எழுத்துகளும் பெருகியிருந்தன. செத்த பறவை நூறாண்டு கழித்துச் சாட்சி சொல்லியது.

இத்தகைய பழைய ஏடுகள் நம்மிடமும் இருக்கின்றன. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பல்லாயிரம் பறவைத் தோல்கள் உள்ளன; கல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறையிலும் உள்ளன. சலீம் அலியும் அவருக்கு முந்தியவர்களும் சேர்த்தவை பல. ஆராய்ச்சிக்கு வேண்டியது, பறவையின் காலடித் தோலிலிருந்து கடுகளவு துணுக்கு மட்டுமே. ஒவ்வொரு பறவையின் காலிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு உண்டு. மை மங்கியிருந்தாலும் பிடித்த ஊரும் தேதியும் அதில் எழுதப்பட்டிருக்கும்.